சாத்தின கதவா? திறந்த கல்லாவா?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘போட்டி போட்டு ஆடும் இணைய விளையாட்டுகளில் நம் பிள்ளைகளைப் பெரிதும் பாதிப்பது, வெளியே தள்ளும் தடையே! உள்ளே இழுக்கும் காசே!’ திருவொற்றியூர் மேடையில் ‘காசே’ என்ற அணியில் நிகழ்த்தப்பட்ட உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருக்கும் இனிய நண்பர்களே! காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தை முடித்துவிட்டு, கொஞ்சம்கூடக் கண்ணை மூடாமல் இங்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே நீந்திக் கரை சேர்ந்திருக்கும் பெரியோர்களே! (சிரிப்பு)

வாசலில் வரும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சுக் கேட்டார்: ‘இன்னா சார், புள்ளைங்க செல்போன்ல ஆடுற ஆட்டத்துக்கெல்லாமா பட்டிமன்றம்?’ நான் சொன்னேன்: ‘அய்யா, சதுரங்கப் பலகையில ஆடின ஆட்டம் இல்ல, தாயக்கட்டையில ஆடின ஆட்டத்துக்கு வியாசர் பதினெட்டுப் பருவம் எழுதியிருக்கார். நாங்க அரைமணி நேரம் பேசக் கூடாதா?’ (கைதட்டல்)

எதிரணியில் தங்கை அழகாகப் பேசினார். ‘ஒரு பையன் ரெண்டு வருஷமா ஆடுறான். பேர் வாங்குறான். ஒருநாள் காலையில திறந்தா, உன் கணக்கு முடக்கப்பட்டதுன்னு ஒரே ஒரு வரி. ஏன்னு காரணம் இல்ல. யார்கிட்டப் போய்க் கேக்கறதுன்னு தெரியல. இதைவிடக் கொடுமை உண்டா?’ன்னு கேட்டார். நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நம்ம எதிரணிதானேன்னு நல்ல வார்த்தையைத் தள்ளிவிடக் கூடாது. ஆனா ஒரே ஒரு கேள்வி தங்கச்சி. அந்தப் பையனுக்கு வலிக்குதே, எது வலிக்குது? கதவைச் சாத்தினது வலிக்குதா? சாத்தின கதவுக்கு உள்ளே மாட்டிக்கிட்ட காசு வலிக்குதா? இதை மட்டும் இன்னிக்குப் பார்த்துடுவோம்.

நம்ம வடசென்னைக்கு ஆட்டம் புதுசு இல்லை அய்யா. வியாசர்பாடியில பந்து உருளாத மைதானம் கிடையாது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர்னு குத்துச்சண்டைப் பரம்பரைகள் வளர்ந்த மண்ணு இது. தெருவுக்குத் தெரு கேரம் போர்டு. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ல, ஆட்டோ ஓட்டுறவர் மகள் காசிமா. 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கிட்டு வந்துச்சு அந்தப் பொண்ணு! (பலத்த கைதட்டல்)

அந்தக் கேரம் போர்டுல தடை கிடையாதா? உண்டு. ஸ்ட்ரைக்கர் குழியில விழுந்தா, போட்ட காயை எடுத்துத் திரும்ப வைக்கணும். அழுகுணி ஆட்டம் ஆடினா, ‘டேய், எழுந்திரு, ரெண்டு போர்டு கழிச்சு வா’ன்னு எழுப்பிவிட்டுடுவாங்க. எழுந்தவன் என்ன ஆனான்? கோவிச்சுக்கிட்டுக் கடற்கரைக்குப் போனான், ஒரு சுண்டல் சாப்பிட்டான், திரும்பி வந்தான். அவன் கையில இருந்து போனது என்ன? ரெண்டு போர்டு. அவ்வளவுதான். தடை அங்கே மருந்து அய்யா. ஆட்டத்தைச் சுத்தமா வச்சிருக்கிற மருந்து.

இணைய ஆட்டத்திலயும் அப்படித்தான். 2018 அக்டோபர்ல ஷாங்காய் நகரத்துல ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ போட்டி. ஆப்டிக் இந்தியான்னு நம்ம நாட்டு அணி ஆடுது. ஆடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு பையனுடைய கம்ப்யூட்டர்ல சந்தேகம். பார்த்தா, குறி தானாப் போய் எதிரி மேல நிக்கிற மாதிரி ஒரு திருட்டு மென்பொருள். அந்தக் கோப்புக்கு என்ன பேர் வச்சிருந்தான் தெரியுமா? ‘வேர்டு’ன்னு! லெட்டர் டைப் பண்றானாம்! (சிரிப்பு) அணி வெளியேற்றப்பட்டது, அப்புறம் கலைக்கப்பட்டது. அந்தப் பையனுக்கு 5 வருஷம் தடை. இந்தத் தடை தப்பா? தங்கச்சி, நீங்களே சொல்லுங்க. நேர்மையா ஆடுறவனுக்கு அந்தத் தடைதானே காவல்? அப்போ தடையே கொடுமைன்னு மொத்தமாச் சொல்ல முடியாது. தடை எப்போ கொடுமை ஆகுதுன்னா, அதுல காசு கலக்கும்போது!

நடுவர்: எப்படிக் கலக்குதுன்னு சொல்லுங்க. பெரியவங்களுக்கும் புரியணும்.

சொல்றேன் அய்யா. ‘பப்ஜி’ன்னு ஒரு ஆட்டம். 100 பேர் விமானத்துல இருந்து ஒரு தீவுல குதிக்கிறாங்க. கடைசி வரைக்கும் உயிரோட நிக்கிறவன் ஜெயிச்சான். குதிக்கிறதுக்குக் காசு கிடையாது. இலவசம்! இலவசம்னா நமக்கு விளக்கமே வேண்டாமே. (சிரிப்பு) அப்போ அந்தக் கம்பெனி எப்படிப் பிழைக்குது? உள்ளே கடை வச்சிருக்கான். சட்டை, தொப்பி, துப்பாக்கிக்குப் பெயின்ட். அந்தச் சட்டையைப் போட்டா ஓட்டம் கூடுமா? பெரும்பாலும் கூடாது. பின்னே ஏன் வாங்குறான்? பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிட்டான்! தீபாவளிக்குப் பழைய சட்டையோட தெருவுக்கு வந்த புள்ளையோட முகத்தை நினைச்சுப் பாருங்க. அந்த முகத்தை வருஷம் முழுக்க உண்டாக்குறதுதான் இந்த வியாபாரம்.

அதுவும் நேராக் காசு வாங்க மாட்டான். முதல்ல நம்ம ரூபாயை அவனுடைய காசா மாத்தணும். ஒரு ஆட்டத்துல அதுக்கு டைமண்டுன்னு பேரு, இன்னொண்ணுல யூ.சி. ஏன் மாத்துறான்? ரூபாயா இருந்தா கை நடுங்கும். டைமண்டா இருந்தா நடுங்காது. இன்னொரு தந்திரம் பாருங்க. ஒரு சட்டை 120 டைமண்டுன்னு வச்சுக்குவோம். கடையில 100, 200ன்னு கட்டாத்தான் கொடுப்பான். 200 வாங்குறான், 120 போச்சு, மிச்சம் 80 தொங்குது. 80ஐ வச்சு ஒண்ணும் வாங்க முடியாது. வீணாக்கவும் மனசு வராது. திரும்பவும் 100. நம்ம தாய்மார்கள் மீன் மார்க்கெட்டுல கால் கிலோ கேட்டாலும் கால் கிலோ நிறுத்துக் கொடுக்குறாங்க. ‘ரெண்டு கிலோவாத்தான் கொடுப்பேன், மிச்சத்தைக் கூடையிலேயே வச்சுட்டுப் போ’ன்னு சொன்னா விடுவீங்களா? (சிரிப்பு, கைதட்டல்)

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. பெட்டி! காசைக் கட்டு, பெட்டியைத் திற. உள்ளே என்ன இருக்கும்? அது உன் அதிர்ஷ்டம்! அம்மா, இதுக்குத் தமிழ்நாட்டுல நமக்குத் தெரிஞ்ச பேர் ஒண்ணு இருக்கு. லாட்டரி! கூலியை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வராம லாட்டரிக் கடையில நின்ன காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2003இல் தமிழ்நாட்டுல அதைத் தடை பண்ணினாங்க. தெருமுனையில மூடின கடை, இப்போ பிள்ளையின் பாக்கெட்டுக்குள்ளே திறந்திருக்கு. பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018இல் இந்தக் காசு கட்டித் திறக்கிற பெட்டி சூதாட்டம்தான்னு சொல்லிடுச்சு. சீனாவுல 2017இல், எந்தப் பொருள் எத்தனை சதவீதம் விழும்னு கம்பெனி வெளியில சொல்லியாகணும்னு விதி வந்துச்சு.

வள்ளுவர் சூதுன்னு ஒரு தனி அதிகாரமே வச்சாரு, 94ஆவது அதிகாரம். சூதுல வர்ற வெற்றியை அவர் எதுக்கு ஒப்பிட்டார் தெரியுமா? மீன் விழுங்கின தூண்டில் முள்ளுக்கு! மத்த ஊர்ல இதுக்குப் பொழிப்புரை சொல்லணும். காசிமேட்டுக்காரங்களுக்குச் சொல்லணுமா? முள்ளு தெரியக் கூடாதுன்னுதானே இரையை மாட்டுறோம்? முதல் பெட்டியில நல்ல பொருள் விழுந்துச்சேன்னு பையன் குதிக்கிறான். தம்பி, அது பரிசு இல்லடா, இரை!

இப்போ ஒரு வீட்டுக் கதை சொல்றேன். எந்தத் தெரு, யார் வீடுன்னு கேக்காதீங்க. அப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுறார். வரிசையில வண்டி நின்னா ரெண்டு நாள் வீட்டுக்கு வர முடியாது. அம்மா மீன் விக்கிறாங்க. 2020இல் பள்ளிக்கூடம் மூடி ஆன்லைன் வகுப்பு வந்தப்போ, தண்டலுக்குக் கடன் வாங்கி மகனுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தாங்க. பள்ளிக்கூடம் திறந்துச்சு. போன் மூடல. அம்மாவுடைய போன்ல பணம் அனுப்புற வசதி இருக்கு. ரகசிய எண் என்ன? பையனுடைய பிறந்த வருஷம்! பாசத்துல வச்ச எண். (சிரிப்பு) இன்னிக்கு 80 ரூபாய், நாளைக்கு 160. அம்மா பார்த்தா ஏதோ ரீசார்ஜ்னு நினைச்சாங்க. ஆறு மாசம் கழிச்சு ஸ்கூல் பீஸ் கட்டப் போறாங்க, 9,000 ரூபாய் காணோம்.

அதுக்கு அப்புறம்தான் நடந்தது முக்கியம். பையன் பயந்துட்டான். போன காசை எடுக்கணுமே! தன்னுடைய ஐடியை, அந்தச் சட்டை துணிமணியோட, இன்னொருத்தனுக்கு 3,000 ரூபாய்க்கு வித்தான். ஐடியை விக்கிறது அந்த ஆட்டத்தின் விதிக்கு விரோதம். நாலாம் நாள் கணக்கை முடக்கிட்டான். வாங்கினவன் கூட நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான். அம்மா காதுல இருந்த கம்மலைக் கழட்டிக் கொடுத்து அனுப்பினாங்க. தங்கச்சி, நீங்க கடைசிக் காட்சியை மட்டும் பார்த்துட்டு ‘ஐயோ, முடக்கிட்டானே’ன்னு அழறீங்க. நான் முதல் காட்சியில இருந்து அழறேன். அந்த 9,000 உள்ளே போகலேன்னா, ஐடியை விக்கவேண்டிய அவசியம் என்ன? விக்கலேன்னா முடக்கம் எதுக்கு? அந்தத் தாயின் காது ஏன் மூளியாச்சு? (அமைதி, பிறகு கைதட்டல்)

நடுவர்: இருந்தாலும், அந்தப் பிள்ளை செஞ்சதும் தப்புதானே?

தப்புதான் அய்யா. நான் மறைக்கலை. ஆனா தப்பே செய்யாதவனையும் தள்ளின கதை இருக்கு, அதையும் சொல்றேன். அமெரிக்காவுல ‘ஃபோர்ட்நைட்’னு பெரிய ஆட்டம். எபிக் கேம்ஸ் கம்பெனி நடத்துது. பெற்றோரைக் கேக்காமலே பிள்ளைங்க ஒரு பட்டனை அழுத்தினா காசு போற மாதிரி வச்சிருந்தாங்கன்னு அந்த நாட்டு வணிக ஆணையம் குற்றம் சாட்டுச்சு. 2022 டிசம்பர்ல அந்தக் கம்பெனி 52 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிச்சு. அதுல 24½ கோடி டாலர் ஜனங்களுக்குத் திருப்பிக் கொடுக்க. அந்தக் குற்றச்சாட்டுல ஒரு வரி இருக்கு, அதுதான் இன்னிக்கு என் கட்சி. நான் அனுமதி கொடுக்காம என் கார்டுல காசு எடுத்துட்டீங்கன்னு வங்கியில புகார் பண்ணினானே, அவனுடைய கணக்கையே பூட்டிட்டாங்களாம்! அதுவரைக்கும் காசு கொடுத்து வாங்கின எல்லாம் உள்ளே! பணத்தைக் கேட்டான், கதவைச் சாத்தினாங்க. இப்போ சொல்லுங்க, அந்தக் கதவை இழுத்துச் சாத்தின கை எது? காசுதானே? தடைங்கறது தனி ராஜா இல்ல தங்கச்சி. பல இடத்துல அது கல்லாப்பெட்டிக்கு முன்னால நிக்கிற வாட்ச்மேன்! (பலத்த கைதட்டல்)

வியாசரை ஆரம்பத்துல இழுத்தேன், விட்டுட்டுப் போகக் கூடாது. பாண்டவர்களுக்கு 12 வருஷம் வனவாசம், 1 வருஷம் அஞ்ஞாதவாசம். உலகத்துலயே முதல் ‘அக்கவுன்ட் பேன்’ அதுதான்! (சிரிப்பு) அதுலயும் அஞ்ஞாதவாசம் இருக்கே, வேற பேர்ல வேற ஐடி! (பலத்த சிரிப்பு) தர்மரைக் கெடுத்தது வனவாசமா, சூதாட்டமா? வனவாசத்துல அர்ஜுனன் தவம் செஞ்சு அஸ்திரம் வாங்கினான். சூதாட்டத்துல என்ன வாங்கினாங்க? நாடு போச்சு, தம்பிங்க போனாங்க, பாஞ்சாலி சபைக்கு வந்தா. காட்டுல பட்ட கஷ்டம் பெரிசுதான். ஆனா காட்டுக்கு அனுப்பினது பணயம்!

எதிரணி அண்ணன் அரசாங்கத் தடையைப் பேசினார். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி 118 செயலிகளோட பப்ஜியைத் தடை பண்ணினாங்க, 2022 பிப்ரவரியில ‘ஃப்ரீ ஃபயர்’ போச்சு, இதை நம்பிப் போட்டி ஆடின பசங்க தெருவுல நின்னாங்கன்னார். நின்னாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா அண்ணே, அப்புறம் என்ன ஆச்சு? 2021 ஜூலை 2ஆம் தேதி அதே ஆட்டம் ‘பி.ஜி.எம்.ஐ.’னு வேற பேர்ல வந்துச்சு. 2022 ஜூலையில அதையும் கடையில இருந்து எடுத்தாங்க. 2023 மே மாசம் திரும்பி வந்தாச்சு. ஃப்ரீ ஃபயர் போனப்போ, அதன் தம்பி ‘மேக்ஸ்’ அங்கேயேதான் இருந்தான்! (சிரிப்பு) தடை வந்துச்சு, போச்சு. பசங்க ஆளானாங்க. ஆனா ஆட்டம் எந்தப் பேர்ல திரும்பி வந்தாலும், கூடவே கடையும் வந்துச்சே! அதை ஏன் அண்ணே சொல்லல?

நம்ம மாநிலமும் நாடும் பட்டுத் தெளிஞ்சது இதைத்தான். காசு வச்சு ஆடுற ரம்மிக்கு 2020 நவம்பர்ல அவசரச் சட்டம், அப்புறம் சட்டம். 2021 ஆகஸ்ட் 3ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில குழு, 2023 ஏப்ரல்ல புதுச் சட்டம். 2025இல், காசு வச்சு ஆடுற ஆட்டத்துக்கு நள்ளிரவு 12 மணியில இருந்து காலை 5 மணி வரைக்கும் கதவடைப்புன்னு விதி வந்தப்போ, அது செல்லும்னு அதே நீதிமன்றம் சொல்லுச்சு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றமே ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. அதுல கோடு எங்கே கிழிச்சாங்கன்னு பாருங்க. போட்டி விளையாட்டு, அது ‘இ-ஸ்போர்ட்ஸ்’, அதை வளர்க்கணும்னு எழுதினாங்க. காசு கட்டிக் காசு எதிர்பார்க்கிற ஆட்டம், அதை நடத்துறவனுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் அபராதம்னு எழுதினாங்க. ஆடினவனுக்கு தண்டனை இல்ல. ஆக, ஆட்டம் குத்தவாளி இல்ல, ஆடுற பிள்ளையும் குத்தவாளி இல்ல. காசுதான் குத்தவாளின்னு டில்லியே சொல்லியாச்சு. நீங்களும் சொல்லிடுங்க அய்யா! (சிரிப்பு)

நடுவர்: டில்லி தீர்ப்பை என் தலையில கட்டாதீங்க. (சிரிப்பு) மேல சொல்லுங்க.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. இந்த ஊர் பேர் ஒற்றியூர். தலபுராணம் அதுக்கு வேற அர்த்தம் சொல்லும், நான் அந்தப் பக்கம் போகல. ஒத்தின்னா நமக்கெல்லாம் என்ன தெரியும்? வீட்டை ஒத்திக்கு எடுப்போம். மூணு லட்சம் மொத்தமாக் கொடுத்துட்டுக் குடியிருப்போம். காலி பண்ணும்போது என்ன நடக்கும்? மூணு லட்சமும் கைக்கு வரும். வீட்டுக்காரர் ‘இனிமே நீ வேண்டாம், போ’ன்னு சொல்லலாம், அது அவர் உரிமை. ஆனா காசை எண்ணி வச்சுட்டுத்தான் சொல்லணும்! இந்த ஆட்டத்துல? நீ வாங்கின சட்டை உன்னுது இல்ல. வாங்கினதா நினைச்சியே, அது வெறும் அனுமதி. போன்னா போகணும். கட்டினது கட்டினதுதான். ‘தி க்ரூ’ன்னு ஒரு கார் ஆட்டம், காசு கொடுத்து வாங்குற ஆட்டம். 2024 மார்ச் 31ஆம் தேதியோட சர்வரை மூடிட்டாங்க. வாங்கின யாராலயும் ஆட முடியல. அந்த வருஷமே கலிபோர்னியாவுல ஒரு சட்டம் போட்டாங்க: இது சொந்தம் இல்ல, அனுமதி மட்டும்தான்னு விக்கும்போதே தெளிவாச் சொல்லணும்னு. ஒத்திக்குக்கூட இல்லாத பொருளுக்கு நம்ம பிள்ளைங்க ஸ்கூல் பீஸைக் கட்டுறாங்க அய்யா!

நான் அந்தப் பிள்ளைகளைத் திட்ட வரல. போனைப் புடுங்கிக் கடல்ல போடுங்கன்னும் சொல்லல. போட்டா அடுத்த வாரம் நம்ம வலையிலேயே வரும். (சிரிப்பு) தாய்மார்களே, மூணே மூணு காரியம் செய்யுங்க. பணம் அனுப்புற ரகசிய எண்ணைப் பிள்ளையின் பிறந்த வருஷமா வைக்காதீங்க. பிள்ளை ஆடுற போன்ல உங்க கார்டையும் வங்கியையும் சேர்த்து வைக்காதீங்க. கடையில எதை வாங்கினாலும் ரகசியச் சொல் கேக்கிற மாதிரி பூட்டுப் போட்டு வையுங்க. மூணாவது, வாரத்துல ஒருநாள் பக்கத்துல உட்கார்ந்து, ‘என்னடா ஆடுற, எனக்கும் காட்டு’ன்னு கேளுங்க. பெட்டி எது, கடை எதுன்னு அவனே காட்டுவான். கேட்டுட்டா அடிக்காதீங்க. அடிச்சா அடுத்த தடவை சொல்ல மாட்டான். சொல்லாத பிள்ளைதான் ஐடியை விக்கப் போகும்.

காசு உள்ளே போகாத வீட்டுல, கணக்கை முடக்கினா என்ன நடக்கும் தெரியுமா? பையன் ஒருநாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். மறுநாள் சாயங்காலம் கேரம் போர்டு பக்கம் போவான். அங்கே ‘வாடா, ஒரு கை குறையுது’ன்னு யாராவது கூப்பிடுவாங்க. தடை அந்த வீட்டுல தோத்துப்போகும். காசு போன வீட்டுல மட்டும்தான் தடை ஜெயிக்குது.

ஆகவே நடுவர் அவர்களே, தடைங்கறது ஒரு நாளைய காயம். காசு உள்ளே இருந்தாத்தான் அந்தக் காயம் சீழ் பிடிக்குது. கதவைச் சாத்தினவனைக் கேள்வி கேளுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அதுக்கு முன்னால கல்லாவைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கானே, அவனைக் கேளுங்க. நம்ம பிள்ளைகளைப் பெரிதும் பாதிப்பது உள்ளே இழுக்கும் காசே, காசே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)